எங்கள் போதகர் உபவாசம் இருந்த நாள்

1

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். சிரித்தே ஆகவேண்டுமென்றால் முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த 'ர' போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுகிறவன். பத்திரிகை நடத்துகிற ஐயா எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் சபைப் பத்திரிகை யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே சதுரங்கப்பட்டினத்துக்கு வந்து சேர ஒரு மாதமாகிறது. போன வாரம் வந்த இதழில் எங்களைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. மிஷன் இந்தக் கரைக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த நாளில் நமது மிஷனெரிக் குடும்பத்தினர் ஏழைகளின் பாரத்தை நெஞ்சில் சுமந்து, விருந்தை வெறுத்து, உபவாசத்தில் தரித்திருந்தார்கள் என்று போட்டிருந்தது. போதகர் அனுப்பிய அந்தச் செய்தியைக் கோவிலில் வாசிக்கக் கேட்டுக் கண் கலங்கியதாக ஒரு அம்மா எழுதிய கடிதமும் அதன் கீழே இருந்தது.

அந்த அம்மாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து மிஷன் பானையில் போடுகிறவர்கள் நீங்கள். உங்கள் பிடி அரிசியை விற்ற காசில்தான் நாங்கள் கடல் தாண்டி வந்தோம். அந்த உபவாசம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியத்தான் வேண்டும்.

2

நான் பொன்னையா. போதகர் செல்லத்துரை எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அவர் படித்தார். நான் அவர் வீட்டுக் குசினியில், அடுப்படியில் வளர்ந்தேன். கலியாணம் ஆகவில்லை. பெண்பிள்ளைகள் ஏதாவது கேட்டால் நிலத்தைப் பார்த்துப் பதில் சொல்லுகிற ஆளுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

வழியனுப்புக் கூட்டத்தில் என்னையும் மேடையில் ஏற்றி மாலை போட்டீர்கள். 'சகோதரர் பொன்னையா, உதவி மிஷனெரி' என்று அறிவித்தீர்கள். நான் நம்பிவிட்டேன். தனுஷ்கோடியில் சுங்கக்காரன் என் மூட்டையை அவிழ்த்தபோது இடியப்ப உரல், புட்டுக் குழல், இரண்டு பெரிய தகரப் பேணி நிறைய மிளகாய்த்தூள், அம்மியின் குழவி எல்லாம் உருண்டு வந்தன. வேதபுத்தகம் போதகரின் பெட்டியில் இருந்தது.

"இன்னா வேலைக்கிப் போற?" என்று சுங்கக்காரன் கேட்டான்.

"மிஷனெரி" என்றேன்.

அவன் குழவியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். வந்த நாளிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

போட் மெயில் ரயில் எங்களை விடியற்காலையில் செங்கல்பட்டில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்கு வந்தோம். உடைந்த கோட்டை, மீன்பிடிக் குப்பம், கொஞ்சம் உள்ளே தள்ளி வயல் கூலிகளின் சேரி. சேரிக்கு ஊழியம் செய்யத்தான் வந்திருந்தோம். சேரியிலிருந்து நன்றாகத் தள்ளி வீடு பிடித்தார்கள். தனிக் கிணறு உள்ள வீடுதான் வேண்டும் என்று போதகரின் மனைவி, அதாவது என் மச்சாள், நின்ற நிலையில் நின்றுவிட்டார். அன்று மாலை மச்சாள் எனக்கு வேலை சொன்னார்.

"தம்பி, இஞ்சத்தைச் சனம் சமைச்சால் எங்களுக்குச் சாப்பிடேலாது. தண்ணியும் நீதான் அள்ளவேணும். அதுக்குத்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது."

அம்மாமாரே, தாங்கள் இரட்சிக்க வந்த சனத்தின் கையால் சாப்பிடாமல் இருப்பதற்காக ஒரு ஆளைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்த ஆள் நான்தான். உங்கள் பிடி அரிசியில் எனக்கும் ஒரு பங்கு செலவாயிற்று.

3

போதகரைப் பற்றி ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம் எனக்கு வரும். அவர் பயந்தவர் அல்ல. வாந்திபேதி வந்து சேரியில் சனம் செத்தபோது, சொந்தக்காரர்களே ஓடிப்போன வீடுகளுக்குள் நுழைந்து பிணம் தூக்கினார். தோளில் சுமந்துபோய்க் குழி வெட்டிப் புதைத்தார். அதை என் கண்ணால் பார்த்தேன். சேரிக்காரர் அதற்காகத்தான் அவரைக் கும்பிட்டார்கள், அவருடைய பிரசங்கத்துக்காக அல்ல. பிணத்தைத் தூக்கிய அந்த மனுஷனால் அந்த வீட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

செம்பைத் தொடாததற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? தமக்கு வயிற்றில் புண் என்று சொல்லிவிட்டார். வைத்தியர் சொன்ன பத்தியச் சாப்பாடு, அதுவும் ஒருவர் கைப்பக்குவம்தான் ஒத்துக்கொள்ளும் என்றார். அதனால் எந்த வீட்டில் ஜெபம் நடந்தாலும், யாருக்குக் கலியாணம் நடந்தாலும், நான் சாப்பாட்டு அடுக்குக் கரியரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். எல்லோரும் இலையில் சாப்பிட, போதகர் குடும்பம் ஒரு மூலையில் பாய் விரித்துக் கரியரைத் திறக்கும். மச்சாளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும்கூட வயிற்றில் புண் எப்படி வந்தது என்று சேரியில் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காதது மட்டுமல்ல, ஜெபித்தார்கள். தேவசகாயம் என்று ஒரு பெரியவர். முதன்முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர் அவர்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு உரக்கக் கேட்பார்: "ஆண்டவரே, எங்க அய்யரு வவுத்த நல்லாக்கு. எங்களுக்காக அவரு நோவுல கீறாரு." இந்தப் பக்கத்தில் போதகரை அய்யர் என்றுதான் சொல்வார்கள். வருஷக்கணக்காக இந்த ஜெபம் நடந்தது. அந்த நேரத்தில் வீட்டில் என் அடுப்பில் நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூளில்.

அந்த நண்டுதான் காட்டிக்கொடுத்தது. கால்வாய்த் துறையில், உப்புத் தோணிகள் கட்டுகிற இடத்தில், எஸ்தர் என்ற பெண் கூழ்க் கடை வைத்திருந்தாள். புருஷன் இறந்துபோனவள். எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள். எங்கள் வீட்டுக் குப்பையைக் கொட்ட நான் அந்தப் பக்கம்தான் போகவேண்டும். ஒரு நாள் கூடையில் கிடந்த நண்டு ஓடுகளைப் பார்த்து அவள் என்னை நிறுத்தினாள்.

"இன்னா சிலோன்காரரே, யாருக்கு இம்மாம் நண்டு?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அய்யருக்கா? வவுத்துப் புண்ணுக்கு நண்டு நல்லதுன்னு எந்த டாக்டரு சொன்னாரு? விலாசம் குடு, எங்க ஆயாவ இட்டுகினு போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்பிள்ளை ஒருத்தி முன்னால் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவள் ஒரு கொட்டாங்குச்சியில் கூழ் ஊற்றிக் கருவாட்டுத் துண்டு வைத்து நீட்டினாள். "துன்னு. வவுறு கெட்டா அய்யரு மருந்து தருவாரு" என்றாள். சாப்பிட்டேன். வயிறு கெடவில்லை. பிறகு தினமும் போனேன்.

எனக்கு முன்பே அந்தக் கடைக்கு வேறு இரண்டு வாடிக்கைக்காரர்கள் இருந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. போதகரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அங்கேதான் குந்தியிருப்பார்கள். இங்கே வந்த பின்பு பிறந்த சின்னவள் ஜெயம் அசல் இந்த ஊர்க்காரி. யாழ்ப்பாணத் தமிழை வீட்டுக்குள் நுழையும்போது சட்டை மாற்றுவதுபோல மாற்றிக்கொள்வாள். "ஓம் அம்மா, வாறன் அம்மா" என்று உள்ளே சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டியதும் "சித்தப்பா, கடில இன்னா கொயம்பு?" என்று என்னிடம் கேட்பாள். பிள்ளைகள் ஊர்த் தமிழை மறந்து கெட்டுப்போவதாக மச்சாள் உங்களுக்கு எழுதியிருப்பார். அந்த வீட்டில் கெடாமல் இருந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

4

பத்தாம் ஆண்டு விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு போதகரிடம் போய் நின்றேன். எஸ்தரைக் கட்டப்போகிறேன், எங்கள் ஓலையைக் கோவிலில் வாசியுங்கள் என்றேன். மூன்று ஞாயிறு சபையில் அறிவித்தால்தான் கலியாணம் செய்து வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

"உனக்கென்ன பைத்தியமே பொன்னையா? ஊரிலை சனம் என்ன கதைக்கும்?"

"அவள் ஞானஸ்நானம் எடுத்தவள்தானே அண்ணை. நீங்கள்தானே குடுத்தனீங்கள்."

"ஞானஸ்நானம் வேறை, சம்பந்தம் வேறை."

"பரலோகத்திலை எல்லாரும் ஒண்டு எண்டு போன ஞாயிறும் சொன்னியள்."

"அது பரலோகம். இது கலியாணம்."

உள்ளே இருந்து மச்சாளின் குரல் வந்தது. "அவளைக் கட்டினால் இந்தக் குசினிக்குள்ளை நீயும் வரேலாது. நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது? அதை யோசிச்சியே?"

நான் யோசிக்கவில்லைதான். போதகர் யோசித்து வைத்திருந்தார். நாங்கள் வந்தபோது இரு கரையும் வெள்ளைக்காரன் கையில் இருந்தது. கடவுச்சீட்டு, அனுமதிச்சீட்டு என்று கேட்பார் இல்லை. பிறகு இரண்டும் வேறு வேறு தேசமாயின. இப்போது சிலோன்காரன் இங்கே இருக்க வருஷா வருஷம் அனுமதி புதுப்பிக்க வேண்டும். அதற்கு மிஷன் கடிதம் வேண்டும். கடிதத்தில் கையொப்பம் வைப்பவர் போதகர். என் அனுமதி ஆனி மாதக் கடைசியில் முடிய இருந்தது.

"அந்தக் கடைப் பக்கம் இனிப் போனியெண்டால் இந்த முறை கடிதம் தரமாட்டன். போட் மெயிலிலை ஏத்திவிடுவன்" என்றார்.

கடிதம் இல்லாமலே செங்கல்பட்டுத் தாலுகாக் கச்சேரிக்குப் போனேன். முன்பெல்லாம் போதகர்தான் பேசுவார், நான் பின்னால் நிற்பேன். அன்று தனியாக நின்றேன். அங்கிருந்த குமாஸ்தா ஒரு ஐயங்கார், நெற்றியில் நாமம், காதில் பென்சில். என் பழைய சீட்டைப் பார்த்தார்.

"தொழில் மிஷனரின்னு போட்டிருக்கே. என்னய்யா பிரசங்கம் பண்ணுவே?"

"நான் சமையல்."

"சமையலா? செங்கல்பட்டு ஜில்லாவுல சமையல்காரனுக்குப் பஞ்சமா? சிலோன்லேர்ந்து எதுக்குய்யா வரவழைக்கணும்?"

இதே கேள்வியை முன்பு போதகரிடம் ஜாடையாகக் கேட்டிருக்கிறார்கள். அவர் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொல்லி முடித்துவிடுவார். எனக்கு ஆங்கிலம் இல்லை. நடந்ததைச் சொன்னேன். இங்கத்தைய ஆட்கள் சமைத்தால் அவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்றேன்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எங்காத்துலயும் அப்படித்தான்யா. ஆனா நாங்க கடல் தாண்டி வந்து யாரையும் ரட்சிக்கலையே."

எனக்கு முகம் எரிந்தது. அவர் சிரித்ததில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு அவரே வழியும் சொன்னார். இந்த ஊர்ப் பெண்ணை முறையாகக் கட்டி, கலியாணச் சான்றோடு சீட்டு முடிவதற்குள் வந்தால் மிஷன் கடிதம் தேவைப்படாது, மேலே எழுதிப் பார்க்கலாம் என்றார். "ஆனா கட்டிண்டு வாய்யா. பேசிண்டு வராதே" என்றார்.

5

ஆண்டு விழாவுக்கு முந்திய நாள் எஸ்தரிடம் இதைச் சொன்னேன். அவள் பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விருந்தைச் சேரியே சமைப்பதாக ஏற்பாடு. பத்து வருஷம் மிஷன் கஞ்சி குடித்தோம், ஒரு நாள் நாங்கள் போடுகிறோம் என்று தேவசகாயம் பெரியவர் வீடு வீடாகச் சொல்லி ஒழுங்கு செய்திருந்தார்.

"நாளிக்கு நீ இன்னா பண்ணப் போற?" என்றாள் எஸ்தர்.

"என்ன பண்ணுறது?"

"கேரியர் தூக்கினு மூலைல நிப்பியா, எங்ககூட பந்தில குந்துவியா?"

நான் அவள் தேய்த்த சட்டியைப் பார்த்தேன்.

"தோ பாரு. ஒளிஞ்சி ஒளிஞ்சி வந்து எங்கைல துன்னது போதும். நாளிக்கு நாலு பேரு பாக்கக் குந்தினா எனக்கு நீ புருசன். நின்னியானா, இந்தக் கடில ஒனக்குக் கூழு கெடியாது. போட்டு மெயிலு ஏறிக்கினு போ."

அவள் கோபப்பட்டுச் சொல்லவில்லை. சட்டியைத் தேய்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் நான் அடுப்பு மூட்டவில்லை. கரியரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வீட்டில் எல்லோரும் விழாவுக்கு உடுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் குசினிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பத்து வருஷமாக எட்டிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

ஓலைக் கொட்டகையில் ஆராதனை முடிந்தது. என் ஓலை வாசிக்கப்படவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. தையல் இலைகள் வரிசையாக விழுந்தன. சோறு, வஞ்சிரக் குழம்பு, கத்தரிக்காய், கருவாட்டுப் பொரியல். போதகர் குடும்பம் பழக்கப்படி மூலைக்குப் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்தது. நான் தேவசகாயத்துக்குப் பக்கத்தில் ஒரு இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சம்மணம் சரியாக வரவில்லை.

மச்சாள்தான் முதலில் கண்டார். "பொன்னையா, கரியர் எங்கை?"

"கொண்டு வரேல்லை மச்சாள்."

"ஏன்?"

"சமைக்கேல்லை."

தேவசகாயம் பெரியவர் எழுந்தார். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"அய்யா, பரவால்ல அய்யா. நாங்க ஒங்க வவுத்த மறப்பமா? ஒங்களுக்குன்னு தனியா காரம் போடாம வச்சிகீறோம். எஸ்தரு, அத எடுத்தா."

எஸ்தர் ஒரு சிறு சட்டியைக் கொண்டுவந்து போதகர் முன்னால் வைத்தாள். குழைந்த சோறு, பருப்பு, மிளகாய் இல்லாத மீன் ரசம். புதுச் சட்டி. புது அகப்பை. நண்டு ஓட்டைப் பார்த்துச் சிரித்த அதே எஸ்தர்தான் விடியற்காலையில் எழுந்து அதைச் சமைத்திருந்தாள். வயிற்றுப்புண் பொய் என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவள் சொல்லியிருக்கவில்லை. தப்பித்துக்கொள்ள அவருக்கு ஒரு நல்ல வழி கொடுத்திருந்தாள். ஒரு வாய் போட்டிருந்தால் போதும்.

போதகர் சட்டியைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார்.

"பிள்ளைகளே, இந்த விசேஷ நாளிலை நாங்கள் குடும்பமாக உபவாசம் இருக்கிறதெண்டு தீர்மானிச்சிருக்கிறம்."

அவ்வளவுதான் நீங்கள் பத்திரிகையில் வாசித்த உபவாசம். காலையில் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் பந்தி போட்ட பிறகு ஆரம்பித்த உபவாசம்.

தேவசகாயம் பெரியவர் நின்றபடியே நின்றார். அவர் கெட்டிக்காரர். மெதுவாகத்தான் விளங்கியது, ஆனால் முழுவதும் விளங்கியது. "அப்ப வவுத்து நோவு இல்லியா அய்யா?" என்று கேட்டார். போதகர் வேதபுத்தகத்தைத் திறந்தார். "இல்லன்னா நல்லதுதான். இத்தினி வருசம் ஜெபம் பண்ணது வீண் போவல" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கோ ஒருவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

அப்போது சின்னவள் ஜெயம் பாயிலிருந்து எழுந்தாள்.

"எனக்கு உபவாசம் இல்லப்பா" என்றாள். மச்சாள் கையை எட்டிப் பிடிப்பதற்குள் ஓடிவந்து எனக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். "எஸ்தரக்கா, காரம் இல்லாதது வாணாம். நேத்து குடுத்தியே, அந்தக் கருவாடு போடு."

இந்த முறை கொட்டகை முழுவதும் சிரித்தது. மச்சாள் தலையைக் குனிந்துகொண்டார். போதகர் கண்ணை மூடி ஜெபம் செய்யத் தொடங்கினார். மிக நீண்ட ஜெபம். நாங்கள் அதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டோம். அந்தச் சிறு சட்டியைத் தேவசகாயம் பெரியவர் தன் பக்கம் இழுத்து, மிளகாய் இல்லாத அந்தச் சோற்றைக் கடைசிப் பருக்கைவரை தாமே சாப்பிட்டார்.

6

எங்கள் ஓலையைக் கருங்குழியில் இருக்கிற வயதான போதகர் ஒருவர் வாசித்தார். அவர் வேறு சபை, இந்த நாட்டுக்காரர். எஸ்தர் கடையில் கூழ் குடித்துக்கொண்டே "எப்ப வேணும்?" என்று கேட்டார், அவ்வளவுதான். கலியாணம் முடிந்து சான்றோடு கச்சேரிக்குப் போனேன். புதுச் சீட்டு நேற்று வந்தது. தொழில் என்ற இடத்தில் மிஷனெரி என்று இல்லை. 'சாப்பாட்டுக் கடை' என்று குமாஸ்தா தன் கையால் எழுதியிருக்கிறார்.

போதகர் வீட்டில் இப்போது மச்சாள்தான் சமைக்கிறார். புகை கூரை வழியாக வருகிறது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் விட்டு எங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜெபத்தில் பெரியவர் இப்போது மழைக்காகக் கேட்கிறார்.

உபவாசச் செய்தி வந்த அதே இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு அறிவித்தல் இருக்கிறது. இந்தியக் கரையில் ஊழியம் செய்ய அர்ப்பணிப்புள்ள வாலிபர் ஒருவர் தேவையாம். நல்ல குடும்பத்தவராக இருக்கவேண்டுமாம். சமையல் தெரிந்தால் விசேஷமாம்.

அதற்கு விண்ணப்பிக்க நினைக்கிற தம்பிக்கு ஒரு வார்த்தை. உனக்கும் மாலை போடுவார்கள். உரலையும் குழலையும் விட்டுவிட்டு வா, பாரம். செங்கல்பட்டில் இறங்கி சதுரங்கப்பட்டினம் பஸ் ஏறு. போதகர் வீட்டுக்குப் போகுமுன் கால்வாய்த் துறைக்கு வந்து சிலோன்காரர் கடை எங்கே என்று கேள். எஸ்தர் உனக்கு ஒரு கொட்டாங்குச்சி கூழ் தருவாள். அதைக் குடிக்க முடிந்தால் நீ வந்த வேலை அப்போதே தொடங்கிவிட்டது. குடிக்க முடியாவிட்டால், இங்கே உபவாசம் இருக்க ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. திரும்பிப் போகும் போட் மெயில் இராத்திரி வரும்.

சதுரங்கப்பட்டினம்,
1956 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை, கடை மூடிய பிறகு.